வாக்கு கொடுத்தது தமிழ்நாடு, கேஸ் வந்தது இந்தியா மேல

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போற வழியில மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. குத்தகைக்கு எடுத்தவர் வரப்பு கட்டி, பாத்தி பிரிச்சு, தரையை மிதிச்சு இறுக்கின பிறகுதான் முதல் உப்பே வரும். நடுவுல நிலம் கொடுத்தவர் பேச்சு மாறினா, பாத்தியைத் தூக்கிட்டு வேற ஊருக்குப் போக முடியாது. போட்ட காசு மண்ணோட போச்சு. அப்புறம் கோர்ட்தான் வழி.

இதையே பெருசா யோசிச்சுப் பாருங்க. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இங்க துறைமுகமோ, மின் நிலையமோ, ஃபேக்டரியோ கட்டுது. அதையும் தூக்கிட்டுப் போக முடியாது. பேச்சு மாறினது அரசாங்கமாவே இருந்தா? அதே நாட்டுக் கோர்ட்ல நியாயம் கிடைக்குமான்னு கம்பெனி தயங்கும். அதனால நாடுகள் தங்களுக்குள்ள முதலீட்டு ஒப்பந்தம் போட்டுக்கிறாங்க. பாதிக்கப்பட்ட கம்பெனி, அந்த நாட்டு மேலயே நேரடியா சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம்னு அதுல ஒரு விதி இருக்கும். பொதுவா நடுவர்கள் மூணு பேர்: ஆளுக்கு ஒருத்தர், தலைவரா இன்னொருத்தர்.

நம்ம ஒரகடத்துக்கே இப்படி ஒரு கேஸ் உண்டு. கார் ஃபேக்டரிக்காக 2008-ல தமிழ்நாடு அரசோட நிசான் தரப்பு ஒப்பந்தம் போட்டது. அதுல சொன்ன வரிச் சலுகை, ஊக்கத்தொகை முழுசா வரலைன்னு நிசான் புகார் சொல்லி, 2016-ல பிரதமருக்கு நோட்டீஸ் அனுப்பினாங்க. 2017-ல நடுவர் மன்றத்துக்கே போயிட்டாங்க. கேட்ட தொகை சுமார் 5,000 கோடி ரூபாய்.

வாக்கு கொடுத்தது மாநிலம், பதில் சொல்ல வேண்டியது ஏன் டெல்லி? 2011-ல அமலுக்கு வந்த இந்தியா–ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது இந்தியா. சர்வதேச சட்டத்துல மாநில அரசு செய்யறதும் நாடு செஞ்ச மாதிரிதான். 'அது சென்னை விஷயம்'னு டெல்லி ஒதுங்க முடியாது. இந்த கேஸை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லைன்னு இந்தியா வாதாடினது. 2019-ல மன்றம் அதை ஏத்துக்கல. தீர்ப்பு வரைக்கும் போகாம, 2020-ல சமரசமா முடிஞ்சது.

இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. வாக்கு கொடுத்தா காப்பாத்தணும். ஆனா வெளிய உட்கார்ந்திருக்கற மூணு பேர் சொல்ற தொகையைக் கட்டறது நம்ம வரிப் பணம். இந்தியா பழைய ஒப்பந்தங்கள் பலதை ரத்து செஞ்சதுக்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். 2016 மாதிரி ஒப்பந்தப்படி, முதல்ல 5 வருஷம் இந்திய கோர்ட்ல முயற்சி பண்ணணும். வரி விவகாரம் நடுவர் மன்றத்துக்கே போகாது. 2024-ல அமீரகத்தோட போட்டதுல அந்த 5 வருஷம் 3 ஆச்சு.

அடுத்த தடவை 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, புரிந்துணர்வு ஒப்பந்தம்'னு நியூஸ் வந்தா, நமக்கு எத்தனை வேலைன்னு மட்டும் பார்க்காதீங்க. பதிலுக்கு அரசு என்ன வாக்கு கொடுத்திருக்கு, தகராறு வந்தா எங்க பேசித் தீர்ப்பாங்கன்னும் கேளுங்க.