தீரர் தேக்கிய தண்ணீர்

தேர்வாய் கண்டிகையில் சிப்காட் ஆலைகளின் மதில்களைத் தாண்டினால் புலப்படும் நீண்ட கரை, அவ்வூர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் ஒன்றாக இணைத்து, அரை டி.எம்.சி. நீர் கொள்ளத்தக்கதாக ஏறத்தாழ 380 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கப்பெற்று, 2020 நவம்பர் 21-ஆம் தேதி திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தினுடையது. எம்.ஜி.ஆரும் என்.டி. ராமாராவும் 1983-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகக் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர், ஒரு பங்கு இங்கே தங்கி, மற்றது பூண்டிக்குப் போகிறது. அந்தப் பூண்டி அணைக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். பெயருக்குரியவரை அறிந்து தண்ணீர் குடிப்பவர் எத்தனை பேரோ!

திருமயத்தில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியை, மத்திய சட்டசபையில் ஆங்கில அதிகாரிகளைத் திணற அடித்த வாக்சாதுரியத்துக்காகவும் சங்கீத, நாடக அபிமானத்துக்காகவும் புகழ்வதே வழக்கம். ஆனால், 1939-இல் சென்னை மேயரான அவர், வறண்ட குழாயடியில் குடத்தை வைத்துக் காத்துநிற்கும் ஸ்திரீகளின் கஷ்டத்தை நகரசபையின் முதற்காரியமாக வரித்து, எண்ணூர்க் கடலில் வீணே கலந்துகொண்டிருந்த கொசஸ்தலையாற்று வெள்ளத்தைப் பூண்டியில் மறித்துத் தேக்கவேண்டும் என்று, உலக யுத்தத்தின் நெருக்கடியையும் பொருட்படுத்தாமல் மன்றாடினாரே, அந்தக் காருண்யமே என் மதிப்பில் அவருடைய பிரசங்கங்கள் யாவற்றினும் பெரியது. தாம் எதிர்த்துநின்ற அரசின் கவர்னரான ஆர்தர் ஹோப்பையே 1940 ஆகஸ்டில் அஸ்திவாரக்கல் நாட்டச் செய்ததில் அவருக்குக் கௌரவக் குறைவு எதுவும் தோன்றவில்லை.

அணை நிரம்பியதைக் காண அவர் இருக்கவில்லை. 1942 போராட்டத்தில் கைதாகி, அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு, தேகம் நலிந்து, 1943 மார்ச் 28-இல் சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் காலமானார். அணை மறு ஆண்டில் திறக்கப்பட்டது. தம் குருவான சத்தியமூர்த்தியின் பெயரை அதற்குச் சூட்டியவர் காமராஜர்.

இன்று, ஆலைக்காக மேய்ச்சல் நிலத்தையும் ஏரிக்காக வயலையும் இழந்த தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை மக்களின் பிள்ளைகளுக்கு வேலையும் அவர்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீரும் தவறாமல் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதே, சத்தியமூர்த்தியின் சிலைக்கு மாலை சாற்றப் போகிறவர்கள் அதற்கு முன்பு செய்யவேண்டிய காரியம்.