அடுத்த கீமோ எப்போது?

காய்ச்சல் விட்டதுமே வீட்டார் கேட்பது, "டாக்டர், அடுத்த கீமோ எப்ப?" என்றுதான். தேதி தள்ளிப்போனால் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயம். ஆனால், ரத்தத்தில் கிருமி பரவி மீண்டவருக்கு அந்தத் தேதியை நாள்காட்டி பார்த்துக் குறிக்க முடியாது.

கீமோ மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களில், கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. மைக்ரோ லிட்டருக்கு 500-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். குடலின் உட்சவ்வும் அப்போது புண்ணாகி இருப்பதால், அதுவரை அங்கே சும்மா கிடந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைந்துவிடுகின்றன.

இன்னொரு வாசல், மருந்து ஏற்றப் பொருத்திய போர்ட் அல்லது பிக் லைன். குற்றவாளி அதுதானா என்று பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்துத் தனித்தனிக் கல்ச்சர் பாட்டில்களில் வைப்பார்கள். லைன் பாட்டிலில் கிருமி வளர்ச்சி 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு தெரிந்தால் சந்தேகம் லைன் மீதுதான். கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸோ, கேண்டிடா பூஞ்சையோ என்றால் பொதுவாக லைனையே எடுத்துவிடுவார்கள்.

கிருமி எது என்று தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும். சிக்கலில்லாத ஈ.கோலை தொற்று பலருக்கு 7 நாள் ஆன்டிபயாடிக்கில் அடங்கும். ஆரியஸுக்குக் குறைந்தது 14 நாள். அதையும் கல்ச்சர் சுத்தமாக வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இதய வால்விலோ எலும்பிலோ அது தங்கிவிட்டால் 4 முதல் 6 வாரம். அடுத்த கீமோ தர, இவற்றோடு காய்ச்சல் நின்றிருக்க வேண்டும், நியூட்ரோஃபில் 1,000 - 1,500 அளவுக்கு ஏறியிருக்க வேண்டும், தட்டணுக்களும் தேற வேண்டும்.

தாமதத்தால் நஷ்டமே இல்லையா? உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் சிஎம்எஃப் என்ற மருந்துக் கூட்டால் கீமோ பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளை இத்தாலியின் மிலான் நகரில் ஜியான்னி பொனடோனா குழுவினர் 20 ஆண்டுகள் கவனித்து, 1995-இல் முடிவை வெளியிட்டனர். திட்டமிட்ட அளவில் 85 சதவீதமாவது பெற்றவர்களுக்கே முழுப் பலன் கிடைத்திருந்தது. ஆகவே குணமாக்கும் நோக்கில் தரும் கீமோவில் மருந்தைச் சட்டென்று குறைப்பதைவிட, ஓரிரு வாரம் பொறுத்து, வெள்ளணுவைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியின் துணையோடு முழு அளவில் தொடர்வதே பல நேரங்களில் மேல் என்பேன். வலியைத் தணித்து ஆயுளை நீட்டிக்க மட்டுமே தரும் கீமோவில் இந்தப் பிடிவாதம் தேவையில்லை. அங்கே அளவைக் குறைக்கலாம், தள்ளியும் போடலாம்.

தீவிர ரத்தப் புற்றுநோயில், நியூட்ரோஃபில் ஏறும்வரை பொறுக்கும் கணக்கு தலைகீழாகும். அணுக்களின் எண்ணிக்கை ஏறாததற்கு நோயே காரணம். எலும்பு மஜ்ஜையைப் புற்று அணுக்கள் அடைத்திருக்கின்றன. அங்கே ஏறட்டும் என்று காத்திருந்தால் அது ஏறாது. ரத்த அழுத்தம் நிலைப்பட்டு, கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிந்ததும், ஒரு பக்கம் ஆன்டிபயாடிக் இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் கீமோவைத் தொடங்கிவிடுவதும் உண்டு.