பொதிகளின் அவாய்நிலை

ஒரு சொல் பொருள் நிரம்புதற்கு மற்றொரு சொல்லை வேண்டி நிற்றலை இலக்கண நூலார் அவாய்நிலை என்பர். கணிப்பொறிக்குரிய மென்பொருட் பொதிகளிடத்தும் இத்தகைய வேட்கை உண்டு. 1993-இல் இயான் மர்டாக் தோற்றுவித்த டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு, அதனை முதன்மையாக மூன்று படிகளாகப் பகுத்துள்ளது. இன்றியமையாதது முதற்படி, அஃதின்றிப் பொதி முறையாக நிறுவப்பெறாது. பரிந்துரை இரண்டாம் படி; அருகிய சூழலிலன்றி அதனை விலக்குதல் கூடாது. கருத்துரை மூன்றாம் படி; அது வரின் பயன் மிகும், வாராவிடினும் குறையில்லை. 2009-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதல் பரிந்துரைகளும் தாமாகவே நிறுவப்பெறுகின்றன. வேண்டாதார் விலக்கிக் கொள்ளலாம்.

ஈண்டு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இணையத்தினின்று கோப்புகளைக் கொணரும் டபிள்யூகெட் என்னும் பொதி, சேவையகங்களின் மெய்ம்மையைத் தேர்தற்குரிய சான்றிதழ்த் தொகுதியைப் பரிந்துரையாகவே கொண்டுள்ளது. அத்தொகுதி இல்வழியும் கருவி இயங்கும். மறையாக்கம் இல்லா இணைப்பில் கோப்புகளைத் தடையின்றிக் கொணரும். மறையாக்கம் உள்ள இணைப்பிலோ, சான்றிதழை நம்புதற்கில்லை எனக் கூறி நின்றுவிடும். சோதனையைக் கைவிட வேண்டுமாயின் பயனரே வெளிப்படையாகக் கட்டளையிடல் வேண்டும்.

இதனால் நாம் பெறும் முடிபு யாது? விருப்பச் சார்பு இல்லாதபோது குன்றியேனும் இயங்குதல் நன்று. குன்றியதை மறையாது உரைத்தல் அதனினும் நன்று. பயனர் அறியாவண்ணம் காவலைக் கைவிடும் கருவி, இயங்காத கருவியினும் தீங்குடையது என்க.