தாளில் கோடு கீறி முடிவெடுப்போம்

பத்து ரூபா கடன் கொடுத்தாலும் கொப்பியில் எழுதி வைப்பவர்கள் நாம். ஆனால், பத்து இலட்சம் போட்டுத் தொடங்கும் காரியத்தைப் பலர் மனக்கணக்கிலேயே தீர்மானித்து விடுகிறார்கள்.

அச்சகத் தொழிலில் முன்னேறிய அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளினிடம் 1772ஆம் ஆண்டு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் ஆலோசனை கேட்டார். ஒரு பிரபு அவருக்கு வேலை தர முன்வந்திருந்தார். ஏற்பதா, விடுவதா என்பதே கேள்வி. பிராங்க்ளின் முடிவைச் சொல்லாமல், முடிவெடுக்கும் வழியைக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனதில் நிற்பதில்லை என்பது அவர் கருத்து. காலையில் இலாபம் தெரியும். இரவில் நட்டம் தெரியும். தடுமாற்றம் அதனால் வருகிறது. ஆகவே தாளின் நடுவே ஒரு கோடு கீற வேண்டும். ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாட்களுக்கு நினைவில் வருவதையெல்லாம் எழுத வேண்டும். பிறகு தராசில் போடுவது போல நிறுக்க வேண்டும். இரு பக்கமும் சமமானவற்றை வெட்ட வேண்டும். ஒன்று இரண்டுக்குச் சமமென்றால் மூன்றையும் வெட்டலாம். எஞ்சுவதைப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் பொறுத்து முடிவெடுக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு இரண்டாவது கடையொன்று வாடகைக்கு வந்தது. முற்பணம் பன்னிரண்டு இலட்சம். சாதகத்தில் சந்தைச் சனம், மொத்தக் கொள்வனவில் கிடைக்கும் கழிவு, கடையில் நிற்கத் தயாரான மகன் என எழுதினேன். பாதகத்தில் கூலியும் மின்கட்டணமும், என் கவனம் இரண்டாகப் பிரிவது, முற்பணம் என எழுதினேன். மகன் நிற்பதும் என் கவனம் பிரிவதும் சமம், இரண்டையும் வெட்டினேன். கழிவு கூலிக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போனது. சந்தைச் சனமும் முற்பணமும் மிஞ்சின. அந்தப் பணம் மகளின் கல்யாணத்துக்கென ஒதுக்கியது. அதனால் அதன் பாரமே கூட.

கடையில் வேறு குறை இல்லை, முற்பணம்தான் தடை என்பது அப்போது தெளிவானது. உரிமையாளரிடம் அதை மட்டும் பேசினேன். பாதியை உடனேயும் மீதியை ஒரு வருடத்திலும் தர அவர் இணங்கினார். கல்யாணப் பணத்தில் கை வைக்காமலே கடையைத் திறந்தேன்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். வரிகளை எண்ணாதீர்கள். ஐந்து சிறிய சாதகங்களை ஒரு பெரிய பாதகம் விழுங்கிவிடும். அடுத்து, ஆசை இருந்தால் சாதகப் பக்கம் தானாக நீளும். அதனால் தாளை வீட்டாரிடமோ பங்காளியிடமோ காட்டி மஷூரா செய்யுங்கள். பாதகப் பக்கத்தை அவர்கள் நிரப்பட்டும்.

வீடு வாங்குவது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது, பங்கு சேர்வது எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்தும். செலவு ஒரு தாளும் நான்கு நாள் பொறுமையும்தான்.