பாடு: ஏரியின் பரம்பரைப் பங்கு

முகத்துவாரத்தை அடுத்துத் தங்கள் முன் விரிந்து கிடக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு, வேலியோ வரப்போ இல்லாதிருப்பினும், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் குடும்பங்கள் தந்தைவழியாகப் பங்கிட்டு அனுபவித்து வரும் நீர்ப்புலமாகும். இம்முறைக்குப் பாடு என்று பெயர்.

1613-இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரும், 1825-இல் அவர்களிடமிருந்து ஊரைப் பெற்ற ஆங்கிலேயரும் கரையில் அதிகாரம் செலுத்தினர். அந்த ஆங்கிலேயரின் தாயகத்துப் பழைய பண்ணைகளில் நிலம் பிரபு குடும்பத்தின் வசமிருக்க, குடியானவர்கள் ஊழியமும் வாரமும் செலுத்தி உழுதனர். இங்கோ, ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்ட ஒவ்வோர் ஆடவரும் பங்குடையவராதலின், இறால் மிகுந்த இடம் எவருக்கும் நிரந்தரமாக உரியதன்று. சீட்டுப் போட்டு, முறைவைத்தே அது கைமாறும். முறை வந்தவர்கள் நீரோட்டத்துக்குக் குறுக்கே கழிகளை ஊன்றிச் சுத்துவலையைக் கட்டி, நீர் வடியும் வேளையில் கடலை நோக்கி இறங்கும் இறாலை மறித்துப் பிடிப்பர்.

சண்டையின்றி நீரைப் பகிர்ந்துகொள்ள வகுத்த இந்த ஏற்பாடு போற்றத்தக்கதே. ஆயினும் அதற்குப் புறத்தே நிற்போரும் உண்டு: பனையோலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, ஆழமற்ற நீரில் கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டில் பங்கில்லை. முகத்துவாரம் மணல்மேடிட்டுத் தூர்ந்துபோகும் காலங்களில் இரு சாராருக்கும் வரத்துக் குறைகிறது.