புரதங்களுக்கு எல்லை வகுத்த சென்னைக் கணக்கு

ஒரு புரதத்தின் வடிவத்தை உலகின் எந்த ஆய்வகம் கண்டறிந்தாலும், அது ராமச்சந்திரன் வரைபடத்துக்குள் அடங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். அந்தப் பெயருக்கு உரிய ஜி.என். ராமச்சந்திரன், கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1922-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி, பிறகு கேம்பிரிட்ஜ். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் புரதம் கொலாஜன். அது மூன்று சங்கிலிகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது என்று அவரும் உடன் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-ல் காட்டினார்கள். டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் குறை கண்டார்கள். இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? மறுப்பையே ராமச்சந்திரன் ஆராய்ச்சியாக்கினார். அவருடைய மேதைமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, அந்த எல்லையைத் தொகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முக்கியமாகச் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அந்த இரு பிணைப்புகளின் சுழற்சிக் கோணங்களையும் படிப்படியாக மாற்றி, எங்கே அணுக்கள் மோதுகின்றன என்று சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். கணினி எளிதில் கிடைக்காத காலம் அது. 1963-ல் முடிவு வெளியானது: அந்த இரு கோணங்களையும் அச்சுகளாக வைத்த வரைபடத்தின் பெரும்பகுதி தடைப்பகுதி; புரதத்துக்கு இடம் தருபவை சில சிறு பகுதிகளே. புரதங்களின் அடிப்படை வடிவங்களான ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் அவற்றுக்குள்தான் வருகின்றன. கணினி உயிரியல் என்ற துறை உருவாகும் முன்பே அதன் அடித்தளங்களில் ஒன்று சென்னையில் போடப்பட்டுவிட்டது.

பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் படத்தை உருவாக்கப் பயன்படும் கணக்குமுறை ஒன்றையும் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் 1971-ல் வெளியிட்டார். 2001-ல் மறைந்த அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2024-ல் புரத வடிவத்தைக் கணினியால் கணித்தவர்களுக்கும், புதிதாக வடிவமைத்தவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்படிக் கணிக்கப்படும் வடிவங்களையும் அதே 1963 வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கேரளத்தின் சித்தூர், மூணாறு, பீர்மேடு பகுதிப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரதப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, அந்த வரைபடத்தை ஒருமுறை கரும்பலகையில் போட்டு, அதைத் தந்தவர் யார் என்று சொல்லுங்கள்.