குறுந்தகடா, பதிவிறக்கமா?

2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் ‘ஃபிளைட்’ என்னும் இசைப் பதிவிறக்கக் கடையை இணையத்தில் திறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் இந்தியாவுக்கு வந்தது. இனிக் குறுந்தகட்டுக்கு வேலையில்லை என்று பலரும் கருதிய நேரம் அது. ஆனால் 2013 ஜூனிலேயே ஃபிளைட் மூடப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய பாடல்களை இறக்கிக்கொள்ள வாடிக்கையாளர்களுக்குக் கெடு ஒன்று தரப்பட்டது. அதற்குள் கோப்புகளைத் தம் கணினியில் சேர்த்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆகவே, இசையை வாங்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தகடா கோப்பா என்பதன்று; வாங்கிய பொருள் நம் கைக்கு வந்துவிட்டதா என்பதே. கைக்கு வந்த கோப்பிலும் பூட்டு இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாடல்கள் அத்தகையவை. புதிய கணினியில் அவற்றை இயக்க, நிறுவனத்தின் சர்வர் ஒப்புதல் தர வேண்டும். அச்சர்வர்களை நிறுத்தப்போவதாக 2008இல் நிறுவனம் அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பிறகே 2011 இறுதிவரை காலம் நீட்டிக்கப்பட்டது. இன்று விலைக்கு விற்கப்படும் பாடற்கோப்புகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. எனினும் பணம் செலுத்துமுன் அதை உறுதிசெய்துகொள்வது நலம்.

ஒலித்தரத்தைப் பற்றிய வாதம் ஓய்வதில்லை. உண்மையில் அது எளிய கணக்கு. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் தேவை. 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்போ ஒரு நிமிடத்தை 1 எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. அதற்காகச் சில நுட்பங்களை நீக்குகிறது. ஃபிளாக் வடிவம் எதையும் இழக்காமல் அளவை மட்டும் குறைப்பது. பேருந்தில் கைப்பேசியில் கேட்பவருக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் தம்பூராவின் கார்வையைக் கேட்பவருக்கு அது பெரிது.

நம் சாஸ்திரிய இசையில் இன்னொரு செய்தி உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறித் தட்டுகளாக அச்சாகித் திரும்ப வேண்டியிருந்தது. பாடியவர் யாரென்று அங்குள்ளோர் அறிவதற்கே அந்த ஏற்பாடு. குறுந்தகட்டின் உறையில் வரும் சிறு புத்தகம் பின்னாளில் அப்பணியைச் செய்தது. பாடகர், ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் அல்லது தபலா வாசித்தவர், பதிவான ஆண்டு யாவும் அதில் இருக்கும். பதிவிறக்கக் கோப்பிலோ பல வேளைகளில் பாடகர் பெயரும் பாட்டின் முதற்சொல்லும் மட்டுமே மிஞ்சுகின்றன. பக்கவாத்தியக் கலைஞர் காணாமலே போய்விடுகிறார். நம் கருத்தில், கச்சேரிப் பதிவுகளுக்குத் தகட்டை நாடுவதற்கு இதுவே வலுவான காரணம்.

தகட்டுக்கும் குறைகள் உண்டு. புதிய மடிக்கணினிகளில் அதைச் செருக இடமே இல்லை. யுஎஸ்பி வழி இணைக்கும் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். பளபளக்கும் அடிப்பக்கத்தையே காக்க வேண்டுமென்று நாம் எண்ணுகிறோம். ஆனால் உலோகப் படலம் பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தின் கீழ்தான் மெல்லிய பூச்சுக்குள் இருக்கிறது. அங்கே விழும் கீறலே திருத்த இயலாதது. துடைப்பதாயின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும்.

மாதச் சந்தாவில் இசை கேட்பது வாடகைக்கு ஒப்பானது. வாடகை தவறன்று, ஆனால் சந்தா நின்ற நாளில், செயலிக்குள் இறக்கி வைத்த பாடல்களும் நின்றுவிடும். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் இத்தகைய தொகைக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அக்குறுஞ்செய்தியைப் படிக்காமல் நீக்குவோர் பலர். கேட்காத சேவைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் போவது இப்படித்தான்.

வாரிசுரிமையும் கவனத்துக்குரியது. அலமாரியில் உள்ள தகடுகள் பிள்ளைகளுக்குச் சேரும். இணையக் கணக்கோ, பல நிறுவனங்களின் நிபந்தனைப்படி, பிறருக்கு மாற்றத்தக்கதன்று.

ஓரிரு மாதம் கேட்டு மறக்கும் திரைப்பாடலுக்குத் தகடு வீண் செலவு. திரும்பத் திரும்ப நாடும் பதிவு தகடாகக் கிடைத்தால் அதையே வாங்கி, வீட்டுப் பயன்பாட்டுக்கு ஃபிளாக் கோப்பாக மாற்றி, வன்தட்டில் ஒரு படியும் வேறோர் இடத்தில் இன்னொரு படியும் வைக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கிறது. படியெடுத்து விற்பதை ஏற்பதில்லை. பழைய தகடு வாங்குவோர், அதை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. ஊசித்துளைபோல் ஒளி கசிந்தால், அவ்விடத்தில் உலோகப் படலம் அழிந்துவிட்டது என்று பொருள்.